மூக்கைத் தூக்கிய டிரெய்லர்

ஆக்லாந்தின் தெற்கு ஓரத்துப் பாபகூராவில் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் சீதாதேவி. நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும் தெருக்களில், எதிரே குப்பை லாரி வந்தாலும் முகம் சுளிக்காமல் ஓட்டியவள். பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒரே ஒரு முறை பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. அதையும் நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் வேறு ஒருவன் வந்து இடித்து உடைத்தான். அந்தக் கதையைப் பதினைந்து வருடம் கழித்துச் சொல்லும்போதும் அவளுக்கு மூச்சு வாங்கும்.

கிள்ளானிலிருந்து கணவர் மணியத்தோடு ஆக்லாந்து வந்த புதிதில் பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் வரவில்லை. "நான் ஓட்டுறேன்" என்று இவள் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிடித்த ஸ்டீயரிங்கை அப்புறம் விடவே இல்லை. மணியம் கணக்காளர். ரசீதுகளோடு உறவாடத் தெரிந்த மனிதர். காரில் அவர் இடம் எப்போதும் இடதுபக்க சீட்டுதான். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. "எங்க வீட்டு டிரைவர்" என்று மனைவியை அறிமுகப்படுத்துவார். அவளும் சம்பளம் எங்கே என்று கேட்பாள்.

போன வருடம் மே மாதம் ஒரு காலை, பஸ் நிறுத்தும் இடத்தில் சாவியைத் திருப்பப் போனபோது வலது கை அசையவில்லை. வலி இல்லை, ஒன்றும் இல்லை. கை சும்மா மடியில் கிடந்தது, வேறு யாருடையதோ போல. இருபது நிமிடம் கழித்துத் தானாகவே திரும்பி வந்தது. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டு மறுபடி ஓடியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். சில மாதம் பார்த்துவிட்டு, "உங்கள் சொந்த வண்டியைத் தாராளமாக ஓட்டலாம்" என்று எழுதியும் கொடுத்தார்.

ஆனால் பஸ்ஸை அவளே விட்டுவிட்டாள். "நாப்பது பிள்ளைங்க இருக்குலா. என் கையை நம்பி நான் சூதாட மாட்டேன்." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவளுக்குப் பிடிக்கவில்லை. பேசவில்லை என்பதற்காக நினைக்கவில்லை என்று ஆகிவிடுமா? சோற்றைப் பிசையும்போது, பட்டன் போடும்போது, பல் தேய்க்கும்போது எல்லாம் அந்தக் கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டனி டவுன்ஸில் இருக்கும் மகள் மாலினி போனில் சொல்வது ஒரே வசனம். "மம், யூ டோன்ட் ஹாவ் டு டிரைவ் எனிமோர்." மகள் அக்கறையில்தான் சொன்னாள். அம்மாவுக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைத்தது.

இந்த நிலைமையில்தான் அந்த டிரெய்லரை வாங்கினார்கள். மணியம் ஓய்வு பெற்றதும் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவது பழைய திட்டம். ஃபிஃப்த் வீலர் என்று இங்கே சொல்லும் வகை. சாதாரண கேரவன் மாதிரி வண்டியின் வாலில் மாட்டி இழுப்பது இல்லை. டிரெய்லரின் முன்பாதி கழுத்தை நீட்டி, யூட் என்னும் பிக்கப் வண்டியின் திறந்த தட்டுக்கு மேலே வந்து படுத்துக்கொள்ளும். கழுத்துக்கு அடியில் ஒரு தடித்த இரும்பு முளை. அதைப் பின் என்பார்கள். தட்டின் நடுவே பொருத்திய ஹிட்ச் அந்தப் பின்னைத் தாடையால் கவ்விக்கொள்ளும். கழுத்துப் பகுதிக்குள் படுக்கை, பின்னால் சமையலறையும் சோபாவும். பார்க்க அழகுதான்.

அழகுக்கு ஒரு இடைஞ்சல் இருந்தது. அவர்களுடைய யூட் நாலு கதவுக்காரி. ஆள் உட்காரும் இடம் தாராளம், தட்டு குட்டை. குட்டைத் தட்டில் இந்த டிரெய்லரை மாட்டிவிட்டு வண்டியை நன்றாக ஒடித்துத் திருப்பினால், டிரெய்லரின் தோள் வந்து பின்கண்ணாடியை இடித்துவிடும். கண்ணாடியும் போகும், பின்சீட்டில் இருப்பவர் கழுத்தும் போகும்.

பென்ரோஸில் டிரெய்லர் பட்டறை வைத்திருக்கும் சதாசிவம்தான் அதற்கு வழி செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், கையில் எப்போதும் ஒரு டேப். நிறைய அளப்பார், கொஞ்சம்தான் கதைப்பார். பின்பக்கம் நகரும் ஹிட்ச் ஒன்றைப் பொருத்தினார். நெருக்கமான திருப்பத்துக்கு முன்னால் ஒரு நெம்புகோலை இழுத்து ஹிட்சைப் பின்னுக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும். சாலைக்கு வந்ததும் மறுபடி முன்னுக்கு. "அக்கா, ரெண்டு இடைவெளியை மட்டும் கவனிச்சுக் கொள்ளுங்கோ. கண்ணாடிக்கும் டிரெய்லருக்கும் நடுவிலை ஒண்டு. தட்டின்ரை விளிம்புக்கும் கழுத்தின்ரை அடிவயித்துக்கும் நடுவிலை மற்றது. இது நூற்றைம்பது மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது" என்றார். "மற்றது, டிரெய்லர் மட்டமா நிக்க வேணும். மூக்கு மேலையும் வேண்டாம், கீழையும் வேண்டாம்."

பட்டறை முற்றத்தில் முதல் திருப்பம். மணியம் பின்கண்ணாடியில் ஒரு அட்டையை ஒட்டிவிட்டு, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். சீதாதேவி ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பினாள். டிரெய்லரின் தோள் கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, நின்றது. அட்டைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடம் மிச்சம். சதாசிவம் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார், டிரெய்லர் விளிம்பில் வைத்துப் பார்த்தார். குமிழி இரண்டிலும் நட்ட நடுவில் நின்றது. ஹிட்ச் தாங்கும் எடையையும் ஒரு தராசு வைத்து நிறுத்து, நானூற்று எண்பது கிலோ என்று ஒரு அட்டையில் எழுதித் தன் மேசையில் சொருகிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு ஓட்டி வந்தபோது வலது கை பழைய கையாகவே இருந்தது. சீதாதேவி கேட்டுக்குள் வண்டியைப் பின்பக்கமாக ஒரே வீச்சில் ஏற்றி நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் கை தட்டினார். பல மாதம் கழித்து அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த இரண்டு வாரம் சாமான் ஏற்றும் வேலை. பஸ்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கனமானதை எல்லாம் முன்பக்கத்து அறைகளில் கீழே அடுக்கினாள். பின்மூலையில் வெளியே திறக்கும் பெட்டி ஒன்றை மட்டும் மணியத்துக்கு விட்டுக்கொடுத்தாள். "அது ஒங்க மீன்பிடிக்கிற சாமானுக்கு. நான் அதுல தலையிட மாட்டேன், நீங்க மத்ததுல தலையிடாதீங்க." சாவியும் அவரிடமே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். ஊருக்குத் தெற்கே இருக்கும் பாம்பே குன்று வரைக்கும் போய்த் திரும்புவது. மோட்டார்வேயில் இடதுபக்கப் பாதையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெரிய லாரி அவர்களைத் தாண்டிப் போனது. டிரெய்லரின் பின்பக்கம் ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம் என்று ஆடி நின்றது. ஆட்டம் சின்னதுதான். ஆனால் ஸ்டீயரிங்கில் இருந்த வலது கை வழியாக அது ஏறி வந்தபோது அவள் கண் ரோட்டை விட்டு அந்தக் கைக்குப் போனது.

"காத்துதான்லா" என்றார் மணியம்.

காற்றே இல்லை. மரங்கள் அசையாமல் நின்றன. அவள் எழுபதுக்கு இறக்கி ஓட்டி வந்தாள். வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், நிமிர்த்தினாள். கை என்ன சொல்லும்? கை கையாகத்தான் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசம். இந்தத் தடவை லாரி எதுவும் தாண்டவில்லை. ராமராமாவுக்குப் பக்கத்து இறக்கத்தில் தானாகவே ஆட ஆரம்பித்தது. யூட்டின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது. மணியம் கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். சீதாதேவி பிரேக்கில் கால் வைக்காமல், ஆக்சிலேட்டரை மட்டும் மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆட்டம் நின்றது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

திங்கட்கிழமை ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி முன்னால் ஓடியிருந்தது. டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது என்று அவளுக்கு உயிர் வந்தது. சதாசிவத்திடம் ஓட்டிப்போனாள். அவருக்கு அன்று மூன்று வண்டி வரிசையில் நின்றது. பார்த்தார், "ஓம், மூக்குக் கொஞ்சம் மேலைதான்" என்றார், ஹிட்சின் தலையை ஒரு துளை இறக்கி மாட்டிவிட்டார். மட்டம் சரியாகிவிட்டது. தட்டு விளிம்புக்கு மேலே இருந்த இடைவெளிதான் நூற்றைம்பதிலிருந்து நூற்றுப்பத்துக்கு இறங்கியது. "மெதுவா ஓடிப் பாருங்கோ, பிறகு யோசிப்பம்" என்றார்.

யோசிக்க வாய்ப்பே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, வீட்டு வாசலை விட்டு இறங்கும்போதே, தெருவோரத்து வடிகால் கானில் யூட்டின் சக்கரம் இறங்கி ஏற, கர்ரக் என்று ஒரு சத்தம். டிரெய்லரின் அடிவயிறு தட்டின் விளிம்பில் உராய்ந்து ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் போய்விட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல் கூடப் போடாதவள், சொந்த வாசலில், பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு பார்த்திருக்க, கீறல் போட்டாள். அதோடு திரும்பியிருக்க வேண்டும். பிடிவாதம் விடவில்லை. மோட்டார்வேயில் ஏறினாள். ஐந்து நிமிடம் தாண்டுவதற்குள் டிரெய்லர் ஆடிய ஆட்டத்தில் பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே விலகிப் போனான். டுருரி எக்சிட்டில் இறங்கி, உள்தெருக்கள் வழியாக நாற்பதில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் சீதாதேவி அதற்கு நேர் எதிர். கூடம் கோணலாக இருந்தபோதும் தன் ஆட்டத்தைத்தான் பழித்துக்கொண்டாள். ஹிட்ச் சரி, மட்டம் சரி, சதாசிவம் கெட்டிக்காரர். மிச்சம் இருப்பது என்ன? கைதான். டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தால் என்ன, கைக்குப் படிக்கவா தெரியும்?

"வித்துரலாம்" என்றாள், மறுநாள் காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

"எதை?"

"ரெண்டையும். டிரெய்லரையும் யூட்டையும். இனிமே நான் ஓட்டலை. மாலினிக்கிட்ட நானே சொல்லிர்றேன், அவளுக்குச் சந்தோசமா இருக்கும்."

மணியம் கப்பைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துப் போனது. தன் கை போய்விடுமோ என்று அவர் பயந்தது நடந்துவிட்டதாக அவள் நினைத்தாள். அவள் நினைத்ததில் பாதி சரி.

இங்கே மணியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் எண்களோடு இருந்த அந்த மனிதருக்கு வாஸ்துவில் அசையாத நம்பிக்கை. இந்த நாட்டில் வீட்டைக் கட்டியவன் அதையெல்லாம் பார்த்தா கட்டியிருப்பான்? அதனால் மணியம் கட்டிலைத் திருப்புவார், ஃபிரிட்ஜை நகர்த்துவார், கண்ணாடியை இடம் மாற்றுவார். சீதாதேவி சிரித்துச் சிரித்தே அந்த ஆசையைப் பாதி கொன்றிருந்தாள். மீதிப் பாதியை அவர் அவளுக்குத் தெரியாமல் செய்யப் பழகியிருந்தார்.

விற்பதென்றால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், கீறலுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். புதன்கிழமை உள்தெருக்கள் வழியாகவே பென்ரோஸ் வரை ஊர்ந்து போனார்கள். சீதாதேவி சாவியைச் சதாசிவத்தின் மேசையில் வைத்தாள். "தம்பி, ஒங்க வேலையில ஒரு குறையும் இல்லை. என் கைதான் சரியில்லை. வித்துக் குடுக்க ஆள் தெரிஞ்சா சொல்லுங்க."

சதாசிவம் சாவியை எடுக்கவில்லை. "என்ன நடந்தது எண்டு முதல் சொல்லுங்கோ" என்றார். அவள் சொன்னாள். எத்தனையில் ஆடியது, எப்போது ஆடியது, ஒவ்வொரு வாரமும் எப்படிக் கூடியது எல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே மேசையில் சொருகியிருந்த அட்டையைத் தேடி எடுத்தார்.

"அக்கா, கை பிழைச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வால் ஆடாது. வால் ஆடுறதெண்டா பாரம் பிழை. நான் அண்டைக்கே நிறுத்துப் பாத்திருக்க வேணும். அவசரத்திலை மட்டத்தை மட்டும் பாத்து இறக்கிப் போட்டன். அது என்ரை பிழை."

தராசை உருட்டி வந்தார். யூட்டைக் கழற்றிவிட்டு, டிரெய்லரின் பின்னைத் தராசின் மேல் இறக்கினார். முள் ஏறியது. முந்நூற்றுப் பத்தில் நின்றது. அவர் அட்டையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்.

"காலி வண்டியா நிக்கேக்கை நானூற்று எண்பது. நீங்கள் பாரமெல்லாம் முன்னுக்குத்தான் ஏத்தினது எண்டு சொல்லுறியள். அப்ப கூட எல்லோ வேணும்? நூற்றெழுபது குறைஞ்சு கிடக்கு. பின்னுக்கு என்ன வைச்சிருக்கிறியள்? நல்ல பாரம் ஒண்டு இருக்கு. அதுதான் வாலை அமத்தி மூக்கைத் தூக்குது."

"பின்னால ஒண்ணுமே இல்லையே. இவரு தூண்டில்தான் இருக்கு" என்றாள் சீதாதேவி.

மணியம் ஷெட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்து நாலு வருடக் குடித்தனம். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாதா அவளுக்கு? "சாவி" என்று கையை நீட்டினாள். வலது கையை. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார்.

பின்மூலைப் பெட்டியைத் திறந்தாள். மேலே நாலு தூண்டில் குச்சிகள். அவற்றுக்குக் கீழே, மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் இட்டு, அவள் வீட்டு அம்மிக்கல். சமையலறை அலமாரிக்கு அடியில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த அதே அம்மி. பக்கத்தில் குழவி. அதற்குப் பின்னால் வரிச்சட்டப் புத்தகங்கள் நாலு பெட்டி. பொன்னி அரிசி மூட்டை ஒன்று, இரண்டு, ஐந்து. அதற்கும் பின்னால் தோட்டத்து மணல் மூட்டை நாலு. முந்நூறு கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்திருக்காது.

"என்னாங்க இது?"

"கன்னி மூலை" என்றார் மணியம், கேட்கும் கேட்காத குரலில். "தென்மேக்கு மூலை, தேவி. வீட்டுல அந்த மூலை கனமா இருக்கணும். லேசா இருந்தா வீட்டுல இருக்கற பொம்பளைக்கு உடம்புக்கு ஆகாது. நம்ம வாசல்ல டிரெய்லர் வடக்கப் பாத்து நிக்குதா, தென்மேக்கு இந்தப் பின்மூலைதான் வருது. அதுல வெறும் தூண்டில வெச்சா எப்படி? நீ நீச்சலுக்குப் போற வியாழக்கிழமையில ஒவ்வொண்ணா டிராலியில வெச்சு ஏத்தினேன்."

"எல்லாத்தையும் ஒரே வியாழக்கிழமையா?"

இதற்குத்தான் அவர் பயந்திருக்க வேண்டும். மஞ்சள் துணியின் முனையை இழுத்து அம்மியை மூடினார். "மொத வாரம் அம்மியும் பொஸ்தகமும் ரெண்டு மூட்டை அரிசியும்தான். அந்த ஞாயித்துக்கெழமை வண்டி ஆடுச்சு. நான் ஒன் கைன்னு நெனைச்சேன். இன்னும் கனம் பத்தலைன்னு மூணு மூட்டை கூட வெச்சேன். அடுத்த வாரம் இன்னும் ஆடுச்சு. அதான் மணல்." அவர் அவள் வலது கையைப் பார்த்தார். "ஒனக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னுதான்லா."

சதாசிவம் டேப்பை இழுத்து விடுவதும் சுருட்டுவதுமாகத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

சீதாதேவிக்குக் கோபம் வந்தது, சொல்ல முடியாத கோபம். மூன்று வாரம். மூன்று வாரமாகத் தன் கையைச் சந்தேகப்பட்டு, விரலை எண்ணி, வண்டியையே விற்கத் துணிந்திருக்கிறாள். இந்த மனுசர் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். திட்ட வாயைத் திறந்தாள். திட்டு வெளியே வரும் முன்னால் அந்த விஷயம் முழுசாக உள்ளே போய்ச் சேர்ந்தது. கை இல்லை. கை இல்லவே இல்லை. அம்மிக்கல். அவள் பெட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்து, முந்தானை இல்லாததால் குளிர்கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மணியம் எதற்கென்று தெரியாமல் பக்கத்தில் வந்து நின்று, "சோரி, தேவி, சோரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, ஒரு சந்தேகம்" என்றார் சதாசிவம், முகத்தைச் சரிசெய்துகொண்டு. "வாசலிலை நிக்கேக்கை இது தென்மேற்கு, சரி. ரோட்டிலை ஓடேக்கை வளைவுக்கு வளைவு மூலை மாறுமெல்லோ? அப்ப அந்தக் கல்லையும் தூக்கிக்கொண்டு வண்டிக்குள்ளை ஓடுவியளோ?"

மணியம் இதை யோசித்ததே இல்லை. கணக்குப் போடும் முகத்தோடு நின்றார். சீதாதேவிதான் சொன்னாள். "வீட்டுக்குத் தெக்கப் பாத்துத்தானே போறோம்? அப்ப தென்மேக்கு எது? முன்னால, வலது பக்கம். என் முதுகுக்கு நேர் பின்னால. கனத்தை அங்க வைங்க, வண்டியும் நிக்கும், ஒங்க வாஸ்துவும் நிக்கும்." மணியத்தின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! மணலைப் பட்டறையிலேயே விட்டார்கள். புத்தகத்தை யூட்டின் பின்சீட்டில் போட்டார்கள். அம்மியையும் அரிசியையும் கழுத்துப் பகுதிக்கு அடியில், வலது பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். தராசு ஐந்நூற்று எழுபது காட்டியது. சதாசிவம் ஹிட்சின் தலையைப் பழைய துளைக்கே ஏற்றினார். ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது. தட்டு விளிம்புக்கு மேலே டேப்பை நிறுத்தி, "நூற்றைம்பது" என்று உரக்கச் சொன்னார். பெயின்ட் வேலையைப் பற்றி யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

மேசையில் கிடந்த சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். "ஓடுங்கோ அக்கா. மோட்டார்வேயாலையே ஓடுங்கோ."

ஏறினாள். எழுபது, எண்பது, எண்பத்தைந்து. டிரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வந்தது. மனுக்காவ் தாண்டி ஒரு நீள லாரி அவர்களை முந்தியது. மணியம் கைப்பிடியைத் தாவிப் பிடித்துக்கொண்டார். லாரியின் காற்று அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீயரிங் அவள் கையில் ரோட்டின் அதிர்வைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. இன்னொரு லாரி முந்தியது. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மணியம் பிடியை விட்டு, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. மாலினி. அவர் எடுத்தார். "ஆமாம்மா. அம்மாதான் ஓட்டுறா... இல்லைம்மா, விக்கலை... அது பெரிய கதை. தப்பு என் மேல." அந்தப் பக்கம் மகள் இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னாள். மணியம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா கை நல்லா இருக்கும்மா. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று சொல்லி வைத்தார்.

நிம்மதி என்பது இவ்வளவு கனமாக வரும் என்று சீதாதேவிக்குத் தெரியாது. மே மாதத்திலிருந்து நெஞ்சுக்குள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அது இறங்கியபோது உடம்பெல்லாம் அயர்ந்தது. பாபகூரா எக்சிட் பலகை வந்தது. சிக்னல் போடவில்லை. பலகை பின்னால் போனது.

"தேவி! எக்சிட் போயிருச்சு!"

"தெரியும்."

"வீட்டுக்குப் போகலையா?"

"பாம்பே குன்று வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றாள். "எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டணும் போல இருக்குங்க."